கண்மாயில் விரித்த வெள்ளை

என் அருமை மகன் தம்பிக்கு,

வழக்கம் போல இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதினாலும் பொய் இல்லை. உன் அப்பா தினமும் துணிக்கடைக்குப் போய் வருகிறார், சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, தை மாதம் வரப்போகிற உன் கல்யாணத்துக்கு இப்போதே உளுந்தும் துவரையும் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். ஆனால் நீ சௌக்கியமா என்று நான் கேட்டால், சௌக்கியம் என்றுதான் பதில் எழுதுவாய். இத்தனை நாளும் அப்படித்தான் எழுதினாய், நானும் நம்பிக்கொண்டு இருந்தேன். அதனால் இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நான் சொல்கிறேன், நீ வாசி. தபால் கார்டில் அடங்காது என்று உன் அப்பாவிடம் முழுத்தாளாக வாங்கிவரச் சொன்னேன். "என்ன, பத்திரம் எழுதப் போறியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். இதை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரிக்காதே. தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாசி. நடுவில் கண்ணைச் சுழற்றினால் மடித்து வைத்துவிட்டுப் படு. கடிதம் எங்கேயும் ஓடிப்போகாது.

போன வாரம் உன் சிநேகிதர் அந்தோணி இங்கே வந்திருந்தார். உன்னோடு ஒரே கம்பெனியில் விமானம் ஓட்டுகிறவர், மெட்ராஸில் உன்னோடு ஒரே அறையில் இருக்கிறவர் என்று நீ சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. திருச்சியில் விமானத்துக்கு ஏதோ பழுதாம், சரிசெய்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியிருந்ததாம். அங்கிருந்து பஸ் பிடித்துப் புதுக்கோட்டை வந்து, இன்னொரு பஸ்ஸில் அரிமளத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிஸ்கட் டின். நல்ல பிள்ளை. கூச்சப்படாமல் உட்கார்ந்து சாப்பிட்டது. ரசம் இரண்டாம் தரமும் கேட்டது. ஆனால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க என்னவோ மாதிரி இருந்தது. கண் இரண்டும் பளிச்சென்று, வெள்ளை வெள்ளையாய், சிவப்பே இல்லாமல் இருந்தன. இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே வயது, ஒரே அறை. அப்புறம் ஏன் என் பிள்ளையின் கண் மட்டும் எப்போது பார்த்தாலும் மிளகாய்த் தூள் விழுந்தது போல இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது கேட்கவில்லை. மோர் ஊற்றுகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால், இது எங்கே தொடங்கியது என்று உனக்கு நினைவுபடுத்த வேண்டும். நீ மறந்திருக்க மாட்டாய். உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்து விமானத்தை விட்டு இந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் லீவுக்கு வந்தாயே, அன்றைக்குக் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு சொன்னாய்: "ஆத்தா, திருச்சியில ஏறிக் கொழும்புக்குப் போறப்ப நேரா நம்ம அரிமளத்து மேலதான் போறோம். கண்மாயி நல்லாத் தெரியுது. நம்ம வீடுதான் எதுன்னு தெரியலை." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பிள்ளை என் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கிறான், நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன இருந்தால் மேலேயிருந்து தெரியும் என்று கேட்டேன். "வெள்ளையா, பெருசா எதையாச்சும் விரிச்சுப் போட்டாத் தெரியும்" என்று விளையாட்டாகச் சொன்னாய். நான் எதை விளையாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்? நீ ஊருக்குப் போன மறுநாளே பெட்டியில் இருந்த பழைய வேட்டிகளை எல்லாம் எடுத்து ஒன்றோடு ஒன்று வைத்துத் தைக்க உட்கார்ந்தேன். உன் அப்பாவுக்குக் கோபம். "ஊரே கட்டிக்கத் துணி இல்லாம ரேசன்ல நிக்கிது. துணிக்கடைக்காரன் பொண்டாட்டி கண்மாயில வேட்டி விரிக்கிறான்னு நாலு பேரு சிரிக்கப் போறாக" என்றார். சிரிக்கட்டும், நான் கடைத்துணியைத் தொடவில்லை என்றேன். சொன்னாரே ஒழிய, முதல் நாள் அதைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கு என் பின்னால் வந்ததும் அவர்தான்.

வற்றிக் கிடந்த கண்மாயில், கருவேலமரம் இல்லாத இடமாகப் பார்த்து விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டுக் கரையில் நின்றோம். செவ்வாயும் வெள்ளியும் காலையில் போகும், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடும் என்று நீ எழுதியிருந்தாய். சத்தம்தான் முதலில் வந்தது. அப்புறம் வடக்கே ஒரு கீற்று. அது எங்கள் தலைக்கு மேல் வந்ததும் இறக்கையை இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. உன் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்றார். நான் மறைக்கவில்லை, அழுதேன். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், காலேஜுக்கு அனுப்பினேன், சண்டைக்கு அனுப்பினேன். ஒரு தடவைகூட, போன பிறகு திரும்பிப் பார்த்து நீ கை ஆட்டியதில்லை. அன்றைக்கு ஆகாயத்திலிருந்து ஆட்டினாய்.

அதற்கப்புறம் எனக்கு வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் நாள். மற்ற நாளெல்லாம் சும்மா வந்து போனது. ஒரு முறை ஆடு வந்து மூலையைத் தின்றது, ஒட்டுப்போட்டேன். ஒரு முறை எருமை அதன்மேலேயே படுத்துக்கொண்டது. ஆனால் எல்லாத் தடவையும் நீ வரவில்லை. வெவ்வேறு ஆட்கள் மாறி மாறி ஓட்டுவார்கள், உனக்குச் சில நாள் பெங்களூர், சில நாள் ஹைதராபாத் என்று நீ முதலிலேயே சொல்லித்தான் இருந்தாய். காதில் ஏறினால்தானே. இறக்கை சாயாமல் விமானம் நேராகப் போய்விட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. உடனே கார்டை எடுத்து எழுதிவிடுவேன்: "நேற்று விமானம் நேராகப் போய்விட்டது. வெயிலில் நின்றதுதான் மிச்சம்." அதற்கு மேல் ஒரு வரி எழுதமாட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லையே, நடந்ததைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்தக் கார்டு உன்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? சின்ன வயதில் "நீ சாப்பிடாட்டிப் போ, நானும் சாப்பிடலை" என்று சொல்லியே உன்னைச் சாப்பிட வைத்தவள் நான். அதே வித்தைதான் இதுவும்.

கார்டுகள் வேலை செய்தன. பங்குனிக்கு அப்புறம் ஒரு விமானம்கூட நேராகப் போகவில்லை. செவ்வாய் என்றாலும் சாய்ந்தது, வெள்ளி என்றாலும் சாய்ந்தது. எனக்கு வந்த பெருமையைக் கேட்கவா வேண்டும். கரையில் வந்து நிற்கிற பெண்டுகளிடம், "எங்க தம்பி வேலையைப் பாத்துட்டுக் கம்பெனிக்காரவுகளே இந்த லைனை அவனுக்குன்னே குடுத்துட்டாக" என்று சொன்னேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. நானே கட்டிக்கொண்டு, நானே நம்பினேன்.

ஆவணியில் உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்தாய். திருமயத்தில் பெண் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள், ஜமுக்காளத்தில் உன்னை நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவர்கள் பக்கத்துப் பெரியவர் நிச்சய ஓலையை வாசிக்கிறார். உன் பெயர் வருகிற இடத்தில் எல்லாரும் உன்னைப் பார்க்கிறார்கள். நீ தலையைத் தொங்கப் போட்டுத் தூங்குகிறாய். மாலை ஒரு பக்கமாக நழுவிக் கிடக்கிறது. யாரோ, "மாப்பிள்ளை இன்னம் மேகத்தை விட்டு எறங்கலை போல" என்றார்கள், கூடமே சிரித்தது. நான் தட்டு எடுத்துவைக்கிற சாக்கில் வந்து உன் தொடையில் கிள்ளினேன். வீட்டுக்கு வந்ததும் என்ன பேச்சு பேசினேன். பெண் வீட்டார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய், மரியாதை தெரியாதவன் என்றேன். நீ "படுத்தாலும் தூக்கம் வரமாட்டேங்குது ஆத்தா. கண்ணை மூடுனா இஞ்சின் சத்தமே கேக்குது. உக்காந்தா வருது" என்று மட்டும் சொன்னாய். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, நாளைக்கு ஊருக்குள் நாலு வீடு போய்விட்டு வர வேண்டும், விடியலில் எழுந்திரு என்றும் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் என் கையை நானே கிள்ளிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சரி, அந்தோணிக்கு வருகிறேன். மோர் ஊற்றிவிட்டு, "ஏம்ப்பா, ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதானே, எங்க தம்பிக்கு மட்டும் ஏன் கண்ணு அப்படிக் கெடக்கு?" என்று கேட்டேன். சோற்றில் வைத்த கையை எடுத்தார். அப்புறம், "அதைச் சொல்லத்தாம்மா வந்தேன்" என்றார். "கொழும்பு லைன் யாருக்கு வந்தாலும் அவர் கேட்டு வாங்கிக்கிறாருங்க. முதல்ல என்னோடதை வாங்கினார். அப்புறம் எல்லார்கிட்டயும். எங்களுக்கு விமானம் ஓட்டினதுக்கு அப்புறம் தரையில இருந்து தூங்குறதுக்குன்னே நாள் விட்டிருக்கும்மா. அந்த நாள்லதான் அவர் கொழும்பு போறார். பெங்களூர் போய்ட்டு வந்து இறங்குவார், விடியக்காலம் எங்க டூட்டியில ஏறிடுவார். ஆள் பத்தாத இடம், ஒருத்தர் தானே வந்து எடுத்துக்கிறேன்னா கம்பெனியில வேண்டாம்னு சொல்றவங்க யாரும் இல்லை. நாங்களும் சொல்லலை. எங்களுக்குத் தூக்கம் கிடைச்சுது." எதற்காக வாங்குகிறான் என்று கேட்டேன். எனக்குப் பதில் தெரியும், ஆனாலும் கேட்டேன். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். வாசலில் வெள்ளை மூட்டையாக அந்த வேட்டி கிடந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை.

தம்பி, அந்தப் பிள்ளை முகத்தில் நான் பார்த்தது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது நீ தூங்க வேண்டிய தூக்கம். எனக்காக அதை எடுத்து நீ ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாய்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். அந்தோணி எழுந்து கை கழுவிவிட்டு வந்து, நின்றுகொண்டே சொன்னார். நீ அவரிடம் மட்டும் சொன்னாயாம், யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கினாயாம். அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதே, அது என் உத்தரவு. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கொழும்பிலிருந்து திரும்பும்போது, மத்தியானம் கடல் மேலே. வெயில் முகத்தில் அடிக்கிறது, இஞ்சின் ஒரே சீராக இரைகிறது, பக்கத்தில் சேர்ந்து ஓட்டுகிறவர் ஏற்கெனவே கண் அசந்துவிட்டார். நீ எப்போது மூடினாய் என்று உனக்கே தெரியாதாம். கண்ணைத் திறந்து பார்த்தபோது கீழே கடலில் அலை தெரிந்ததாம். மேலேயிருந்து பார்த்தால் கடல் எண்ணெய் மாதிரி இருக்கும், அலை தெரியாது என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். அலை தெரிகிற அளவுக்கு இறங்கியிருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய்.

எனக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவு இருக்கிறது. அம்மன் கோவிலுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டுத் தட்டோடு நேரே கரைக்கு வந்தேன். தெற்கேயிருந்து விமானம் வந்தது. இறக்கையைச் சாய்த்தாய். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை சாய்த்தாய். தம்பி இன்றைக்குச் சந்தோஷமாக இருக்கிறான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி, முந்தானையை எடுத்து ஆட்டினேன். கடலிலிருந்து அப்போதுதான் பிழைத்து வந்திருக்கிறாய். வந்த கையோடு ஆத்தாவுக்குக் கணக்குத் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறாய். அன்றைக்கு இறங்கிய பிறகாவது நீ தூங்கினாயா? அதை மட்டும் அந்தோணியிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவர் போன பிறகு உன் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நம்மிடம் வண்டி மாடு இருந்த காலம் உனக்கு நினைவு இருக்கும். அறந்தாங்கிச் சந்தைக்குத் துணி ஏற்றிப் போய்த் திரும்பினால், எவ்வளவு பெரிய அவசரம் என்றாலும் உன் அப்பா அந்த மாடுகளை மறுபடி பூட்ட விடமாட்டார். அவிழ்த்து, தண்ணீர் காட்டி, அவை படுத்து அசை போட்டு முடிக்க வேண்டும். ஒரு தடவை என் கூடப்பிறந்தவனுக்குக் காய்ச்சல், உடனே வண்டியைப் பூட்டுங்கள் என்று நான் அழுதேன். "மாடு படுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, நடந்தே போய் வைத்தியரைக் கூட்டிவந்தார். அந்த மனுசன் போன வாரம் சொன்னார்: "மாட்டுக்கு வாய் இல்லை, நாமதான் பாத்து அவுத்துவிடணும்னு தெரிஞ்சுது. இவனுக்கு வாய் இருக்கு, முடியாட்டிச் சொல்லுவான்னு இருந்துட்டோம். இவன் வாயைத் தொறக்கலையே." அவ்வளவுதான் சொன்னார். கடைக்குப் போகாமல் அன்றைக்கு முழுவதும் வீட்டிலேயே இருந்தார்.

எனக்கு என் மேல் இருக்கிற கோபத்தில் பாதி உன் மேலும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ மட்டும் தனியாகப் பறந்தால், ஆத்தாவும் பிள்ளையும் பட்ட பாடு என்று இருந்துவிடலாம். உன் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கொழும்பில் கடை வைத்திருக்கிறவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள். அவர்களும் ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தான். நான் ஒரு சாய்ப்பைப் பார்ப்பதற்காக அவர்கள் வீட்டில் இழவு விழலாமா? முடியவில்லை என்று சொல்வதை நீ அவமானம் என்று நினைக்கிறாய். அது என்னிடம் கற்றதுதான். நானும் காய்ச்சலோடு அடுப்பில் நின்று, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லியே உன்னை வளர்த்தேன். அந்தப் பாடத்தை மறந்துவிடு. கண் சொக்குகிறது, இன்றைக்கு என்னால் ஆகாது என்று வாய்விட்டுச் சொல்கிறவன்தான் விமானத்தில் ஏறத் தகுந்தவன். தை மாதம் வரப்போகிறவளிடமும் இதைச் சொல்லி வை. வேலை முடிந்து வந்தால் முதலில் தூக்கம், அப்புறம்தான் பேச்சு என்று. மொட்டை மாடியில் புடவையை விரித்துப் போடு, நான் மேலே போகும்போது பார்க்கிறேன் என்று ஆசை காட்டி அவளையும் கெடுத்துவிடாதே. ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்.

உன்னைப் பார்க்கிற ஆசை எனக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. தீரவில்லை. இதை எழுதும்போதே மாட்டு வண்டி இரைச்சலுக்கெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். உன் சட்டை ஒன்று கொடியில் அப்படியே கிடக்கிறது, துவைக்கவில்லை. சாப்பாட்டுக்கு உட்காருகிறபோது உன் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு இலை இடம் விட்டே தண்ணீர் தெளிக்கிறேன், கை தானாகவே அப்படிப் போகிறது. நீ வந்து என்னோடு நாலு வார்த்தை சண்டை போட்டால்கூட எனக்குத் திருவிழாதான். அவ்வளவு ஆசையையும் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், இனி உன் முறை வந்தால் மட்டும் கொழும்புக்குப் போ. மற்றவர்களுடையதை அவர்களிடமே கொடுத்துவிடு. தரையில் இருக்கச் சொன்ன நாளில் தரையில் இரு. உன் முறையில் போகும்போதும் கீழே கண்மாயைத் தேடாதே. தேடினாலும் அங்கே ஒன்றும் இருக்காது.

அந்த வேட்டித் துணியை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டேன். ஆடு தின்ற மூலையை வெட்டிவிட்டு, இரண்டாக மடித்துத் தைத்து, இலவம்பஞ்சு வாங்கித் திணித்து மெத்தையாக்கிவிட்டேன். பெண் வீட்டுச் சீரில் மெத்தை வரும், இது எதற்கு என்று உன் அப்பா கேட்டார். வரட்டும், கல்யாணத்துக்குப் பிறகு அதில் படுத்துக்கொள். கல்யாணத்துக்கு முன்னால் கிடைக்கிற லீவுக்கு நீ வந்து படுப்பது இதில். நீ வருகிற நாளை ஊரில் யாரிடமும் சொல்லமாட்டேன், இரண்டு நாள் தள்ளியே சொல்வேன். அந்த இரண்டு நாளும் யார் வந்து கேட்டாலும் தம்பி இன்னும் வரவில்லை என்பேன். பொய் சொல்ல எனக்குப் பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். மேலேயிருந்து நீ பார்த்துக்கொண்டு போன வெள்ளைதான் அந்த மெத்தை. இனி அதைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து அதன்மேல் தலையை வைத்துத் தூங்கு.

நேற்று வெள்ளிக்கிழமை. போகக்கூடாது என்றுதான் இருந்தேன், சத்தம் கேட்டதும் கால் நிற்கவில்லை. வெறுங்கையோடு கரைக்குப் போய் நின்றேன். விமானம் வந்தது, இறக்கை அசையவில்லை, கோடு போட்டது போல நேராகத் தெற்கே போனது. இனித் தன் முறையை உனக்குத் தருவதில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன அந்தோணி, அதைத் தானே ஓட்டிக்கொண்டு போயிருப்பார். என் பிள்ளை எங்கேயோ போர்த்திப் படுத்துத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, வெகு நாளைக்குப் பிறகு, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
உன் ஆத்தா